தெளிவில்லாததை எழுதும்போது: ‘மங்கல்’ என்ற சொல்லுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

படம் மங்கல், பார்வை மங்கல், சேலை நிறம் மங்கல், புகழ் மங்கல், நினைவும் மங்கல். சரியாகத் தெரியாத எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் முதலில் கைக்கு வரும் சொல் இதுதான். பல இடங்களில் அழகாகப் பொருந்தும். சில இடங்களில் ஒட்டவே ஒட்டாது. குழாயில் வரும் தண்ணீரை ‘மங்கலாக இருக்கிறது’ என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. பிடி கொடுக்காமல் பேசும் ஆளை ‘மங்கலாகப் பேசுகிறார்’ என்றும் யாரும் சொல்வதில்லை.

இந்தச் சிக்கலில் மாட்டாமல் இருக்கப் பலர் ஒதுங்கும் இடம் ‘தெளிவற்ற’. செயலிகள், விண்ணப்பப் படிவங்கள், மொழிபெயர்ப்புச் செய்திகள் எங்கும் ‘தெளிவற்ற படம்’, ‘தெளிவற்ற பதில்’, ‘தெளிவற்ற வானிலை’ என்று ஒரே முத்திரை. பிழை என்று சொல்ல முடியாது. சோம்பல் என்று சொல்லலாம். தெளிவின்மைக்குத் தமிழில் உள்ள சொற்கள் பெரும்பாலும் குறை எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். ஒளியிலா, பொருளிலா, கண்ணிலா, நடுவில் உள்ள காற்றிலா, மனத்திலா, வாயிலா? ‘தெளிவற்ற’ என்று எழுதிய உடனே அந்தத் தகவல் காணாமல் போகிறது.

செய்தி எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், படத்துக்குக் குறிப்பு எழுதுபவர்கள், மருத்துவமனையில் நோயாளி சொல்வதைக் குறித்துக்கொள்பவர்கள் ஆகியோருக்குப் பயன்படும் என்று இந்தப் படிகளை எழுதுகிறேன். ‘மங்கல்’ நடுவில் இருக்கும். அக்கம்பக்கத்துச் சொற்கள் வந்துபோகும்.

படி 1: குறை எங்கே என்று முதலில் பாருங்கள்

சொல்லைத் தேடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எது சரியாக இருந்தால் இது தெளிவாகத் தெரியும்?

விளக்கைக் கூட்டினால் தெரியும் என்றால் குறை ஒளியில். துடைத்தால் தெரியும் என்றால் பொருளின் மேற்பரப்பில். கண்ணாடி போட்டால் தெரியும் என்றால் கண்ணில். பனி விலகினால் தெரியும் என்றால் காற்றில். சற்று நேரம் அசையாமல் வைத்தால் தெளியும் என்றால் நீரில். எதிராளி வாயைத் திறந்து நேராகச் சொன்னால் புரியும் என்றால் பேச்சில்.

இவற்றில் முதல் மூன்றும் ‘மங்கல்’ ஆளும் இடம். மற்றவற்றுக்கு வேறு சொற்கள் காத்திருக்கின்றன. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

படி 2: சொல்லின் சொந்த வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘மங்கு’ என்ற வினைக்கு அடிப்படை ஒளி குறைவது. விளக்கு மங்குகிறது, பொழுது மங்குகிறது. அங்கிருந்து நிறத்துக்கும் பார்வைக்கும் போகிறது. இந்த வரிசை நினைவில் இருந்தால் போதும்.

பொழுதை எடுத்துக்கொள்வோம். ‘பொழுது மங்கிய நேரம்’ என்பது எல்லா ஊருக்கும் புரியும். ஆனால் ஊருக்கு ஊர் இன்னும் நெருக்கமான சொற்கள் உண்டு. ‘மசங்கல் நேரம்’, ‘மசமசன்னு இருட்டுற நேரம்’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ‘மைமல் பொழுது’. விடியலுக்கு முந்தைய அரை இருட்டுக்குக் ‘கருக்கல்’. ‘கருக்கல்ல எந்திரிச்சு வயலுக்குப் போனான்’ என்றால் நேரம் கடிகாரம் இல்லாமலே தெரிந்துவிடும். கதை எழுதுபவர் இவற்றில் எது தன் பாத்திரத்தின் வாயில் வரும் என்று பார்த்துப் போட வேண்டும். செய்திக்கு ‘மாலை மங்கியதும்’ போதும். (‘மசமச’வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘மசமசன்னு நிக்காதே’ என்றால் சுறுசுறுப்பில்லாமல் நிற்காதே என்று பொருள். இருட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

நிறத்தில்தான் தவறு அதிகம். மங்கல் வேறு, வெளிர் வேறு. இளஞ்சிவப்பு, இளநீலம், வெளிர் மஞ்சள் எல்லாம் மென்மையான நிறங்கள். குறை எதுவும் இல்லாதவை. மங்கல் நிறம் என்றால் இருக்க வேண்டிய பளபளப்பு இல்லாத நிறம். துணிக்கடை விளம்பரத்தில் ‘மங்கலான நிறங்களில் புதிய சேலைகள்’ என்று மொழிபெயர்த்துப் போட்டால் கடைக்காரருக்கு நட்டம்தான்.

அதே சேலை பழசானால் சொற்கள் எப்படிப் பிரிகின்றன என்று பாருங்கள். வெயிலில் காயப் போட்டுப் போட்டு நிறம் இறங்கினால் ‘வெளுத்துப்போச்சு’. முதல் துவைப்பிலேயே வாளித் தண்ணீர் சிவப்பாகிப் பக்கத்துச் சட்டையிலும் ஒட்டிக்கொண்டால் ‘சாயம் போச்சு’. பீரோவிலேயே இருந்து மினுமினுப்பு இறங்கினால் ‘மங்கிப்போச்சு’. ஜரிகை மட்டும் கெட்டிருந்தால் ‘ஜரிகை கறுத்துப்போச்சு’. வெள்ளை வேட்டி என்றால் ‘பழுப்பேறிடுச்சு’. ஐந்தையும் ‘நிறம் மங்கிவிட்டது’ என்று ஒரே வாக்கியத்தில் அடைத்தால், சலவைக்காரரிடம் புகார் சொல்ல வேண்டுமா, கடைக்காரரிடம் சண்டை போட வேண்டுமா என்பதே தெரியாது.

பாத்திரத்துக்கும் இதே கதை. பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்காமல் இருந்தால் மங்கும். பச்சை படிந்தால் ‘களிம்பேறியது’. முகம் பார்க்கும் கண்ணாடியில் பின்பூச்சு உரிந்து திட்டுத்திட்டாகத் தெரிந்தால் ‘ரசம் போன கண்ணாடி’. ‘மங்கலான கண்ணாடி’ என்று எழுதினால் படிப்பவர் துடைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார். ரசம் போனதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

படி 3: பார்வை பற்றி எழுதினால் கூடுதல் கவனம்

கண் விஷயத்தில் ‘மங்கல்’ சரியான சொல்தான். ஆனால் அது தொடக்கம் மட்டுமே. கண் பரிசோதனை முகாமில் கேட்கக்கூடிய ஒரு பேச்சு:

“பாட்டி, கண்ணு எப்படித் தெரியுது?”

“மசமசன்னு இருக்குய்யா. முன்னாடி புகை போட்ட மாதிரி. வெயில்ல போனா கூசுது. ராத்திரி பஸ்சு லைட்டைப் பார்த்தா பூப்பூவா விரியுது.”

“கிட்டத்துல தெரியுதா, தூரத்துல தெரியுதா?”

“எங்க பார்த்தாலும் அதே புகைதான்யா.”

பதிவேட்டில் இது ‘பார்வை மங்கல்’ என்று இரண்டே சொல்லாகச் சுருங்கும். ஆனால் பாட்டி சொன்னதில் கண்புரைக்கு உரிய அடையாளங்கள் வரிசையாக இருக்கின்றன: புகை மூடியது போன்ற பார்வை, வெளிச்சத்தில் கூச்சம், இரவில் விளக்கைச் சுற்றி ஒளி விரிவது. கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை மங்கிப்போவதால் ஒளி சிதறுகிறது, அதனால் இப்படி.

நாற்பது வயதுக்கு மேல் செய்தித்தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பவருக்கு இருப்பது ‘வெள்ளெழுத்து’. இவ்வளவு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு ‘வயது தொடர்பான கிட்டத்துப் பார்வைத் தெளிவின்மை’ என்று எழுதுவது தேவையற்ற சுற்று. பொழுது சாய்ந்ததும் தெரியாமல் போவது ‘மாலைக்கண்’. வைட்டமின் ஏ குறைவு அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. வெயிலிலிருந்து எழுந்து நின்றதும் வருவது ‘கண் இருட்டுகிறது’. காத்திருந்து காத்திருந்து ‘கண் பூத்துப்போனது’ என்பதில் நோயே இல்லை.

இங்கே சொல் தேர்வு வெறும் நடைப் பிரச்சினையாக நிற்பதில்லை. மெல்ல மெல்ல மங்கியது என்பதும், ‘காலையில் எழுந்தேன், ஒரு கண்ணில் திரை இழுத்து விட்டது போல இருக்கிறது’ என்பதும் மருத்துவருக்கு முற்றிலும் வேறு. இரண்டாவது, விழித்திரை விலகலின் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே பார்க்க வேண்டியது. இரண்டு இரண்டாகத் தெரிந்தால் அப்படியே சொல்ல வேண்டும். நேர்க்கோடு நெளிந்து தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். நோயாளியின் சொல்லை அவர் சொன்ன மாதிரியே குறித்துக்கொள்ளுங்கள். ‘மங்கல்’ என்று சுருக்கும் உரிமை மருத்துவருக்கு இருக்கட்டும்.

படி 4: படத்தில் எந்த மங்கல்?

கைபேசிக் காலத்தில் ‘மங்கல்’ அதிகம் புழங்கும் இடம் இதுதான். ‘படம் மங்கலாக வந்திருக்கிறது’ என்றால் அதில் குறைந்தது நான்கு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

கை அசைந்திருந்தால் ‘படம் ஆடிப்போச்சு’. ஷட்டர் வேகம் 1/30 நொடிக்குக் கீழே இறங்கினால், எதிலும் ஊன்றாமல் கையில் பிடித்து எடுக்கும்போது இது எளிதில் நடக்கும். முகத்துக்குப் பதில் பின்னால் உள்ள செடி கூர்மையாக வந்தால் ‘ஃபோகஸ் தப்பிடுச்சு’. வெளிச்சம் போதாவிட்டால் ‘இருட்டடிச்சு வந்திருக்கு’. பழைய கல்யாண ஆல்பம் என்றால் ‘நிறம் மங்கிடுச்சு’. கறுப்பு வெள்ளை என்றால் ‘பழுப்பேறிடுச்சு’. வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த படத்துக்கு ‘உடைஞ்சு வருது’ என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆவணங்களைப் பதிவேற்றச் சொல்லும் செயலி ‘தெளிவற்ற படம், மீண்டும் முயலவும்’ என்று மட்டும் சொன்னால், பயனர் வெளிச்சத்தைக் கூட்டுவதா, கையை ஊன்றுவதா என்று தெரியாமல் அதே தப்பைத் திரும்பச் செய்வார். ‘கை அசைந்துவிட்டது, போனை ஊன்றிப் பிடித்து எடுங்கள்’ என்று எழுதினால் ஒரே தடவையில் வேலை முடியும்.

வேண்டுமென்றே செய்யும் மங்கலும் உண்டு. பின்புலத்தை மங்கலாக விட்டு முகத்தை எடுத்துக்காட்டுவது படக்காரரின் கைவேலை. ‘பின்புலம் மங்கலாக’ என்பது அங்கே பாராட்டு. செய்தியில் முகத்தை மறைப்பது வேறு விஷயம். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளம் தெரியும்படி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அந்த இடத்தில் ‘முகம் மங்கலாக்கப்பட்டுள்ளது’ என்பதைவிட ‘முகம் மறைக்கப்பட்டுள்ளது’ என்பதே பொருத்தம். மங்கல் என்றால் கொஞ்சமாவது தெரியும். மறைத்தது தெரியவே கூடாது.

படி 5: மங்கலான, மங்கிய, மங்கிப்போன

மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும், வேலை வேறு.

‘மங்கலான’ இப்போதைய நிலையை மட்டும் சொல்கிறது. ‘மங்கலான வெளிச்சத்தில் சாப்பிட்டார்கள்.’ முன்பு பிரகாசமாக இருந்ததா என்பது பற்றிப் பேச்சில்லை. உணவகம் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கலாம்.

‘மங்கிய’ என்றால் முன்னால் ஒரு பளிச் இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. இறந்தகாலப் பெயரெச்சம் என்பதால் கதையின் ஒரு துண்டு அதற்குள் இருக்கிறது. ‘மங்கிய சுவரெழுத்து’ என்றாலே பழைய தேர்தல் ஒன்று நினைவுக்கு வருகிறது.

‘மங்கிப்போன’ என்பதில் ஒரு பெருமூச்சும் சேர்கிறது. ‘போ’ என்ற துணைவினை, நடந்தது நல்லதற்கில்லை, இனித் திரும்பாது என்ற குறிப்பைத் தருகிறது. அறிக்கை நடையில் அதைத் தவிர்க்கலாம். கதையில் தாராளமாக.

‘மங்காத’ என்ற எதிர்மறை வடிவம் புகழோடு மட்டும் நன்றாகக் கூடி வாழ்கிறது: மங்காத புகழ், மங்காப் புகழ். ‘மங்காத பெயிண்ட்’ என்று விளம்பரத்திலும் வரலாம், குறையில்லை.

வினையடையில் ஒற்றைக் கவனியுங்கள். ‘மங்கலாகத் தெரிகிறது’, ‘மங்கலாகக் காட்டியது’: ‘ஆக’வுக்குப் பின் வல்லினம் மிகும். ‘மங்கலான படம்’: பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. ‘மங்கல் தன்மை’யை இலக்கணப்படி சேர்த்து ‘மங்கற்றன்மை’ என்று எழுதலாம்தான். படிப்பவர் தடுக்கி விழுவார். பிரித்தே எழுதுங்கள்.

இன்னொரு வேடிக்கை. தமிழில் இந்தக் குடும்பத்து வினைகள் பலவற்றுக்கு மெல்லின எழுத்தை வல்லினமாக்கினால் பிறவினை கிடைக்கும்: கலங்கு–கலக்கு, மயங்கு–மயக்கு, மழுங்கு–மழுக்கு, அடங்கு–அடக்கு. அந்தக் கணக்கில் மங்கு–மக்கு என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘மக்கு’ குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது (மக்கும் குப்பை, மக்காத குப்பை), கொஞ்சம் வகுப்பறைக்கும் போனது (‘மக்குப் பையா!’). ஆகவே விளக்கை நாம் மங்கச் செய்ய வேண்டும், படத்தை மங்கலாக்க வேண்டும். வேறு வழியில்லை. ‘விளக்கைக் குறை’ என்று பேச்சில் சொல்வது இவை இரண்டையும்விடச் சுலபம். கட்டாயம் இல்லாத இடத்தில் அதையே எழுதலாம்.

படி 6: மங்கலத்தோடு மோத விடாதீர்கள்

ஒரே ஒரு புள்ளியில் பொருள் தலைகீழாகும் இடம் இது. ‘மங்கல்’ ஒளிக் குறைவு. ‘மங்கலம்’ நன்மை, சுபம். மங்கலத்தின் பெயரடை வடிவம் ‘மங்கல’: மங்கல நாண், மங்கல வாழ்த்து, மங்கல விளக்கு. ஆக, ‘மங்கல் விளக்கு’ என்றால் மின்சாரம் குறைவாக வரும் தெருவிளக்கு. ‘மங்கல விளக்கு’ என்றால் கல்யாண மேடையில் ஏற்றுவது. தட்டச்சில் புள்ளி விடுபட்டால் தெருவிளக்கு கல்யாணத்துக்கு வந்துவிடும். அச்சுக்குப் போகும் முன் இந்த இரண்டையும் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

‘ஆன’ சேரும்போது சிக்கல் குறைவு. மங்கல் + ஆன = மங்கலான; மங்கலம் + ஆன = மங்கலமான. பேச்சில் இரண்டாவதை யாரும் சொல்வதில்லை, ‘மங்களகரமா இருக்கு’ என்பார்கள். ‘மங்களம்’ என்ற எழுத்து வடிவம் கச்சேரிக்கும் வாழ்த்துக்கும் நிலைத்துவிட்டது. ‘அந்தத் திட்டத்துக்கு மங்களம் பாடிட்டாங்க’ என்றால் மூடிவிட்டார்கள் என்று பொருள். ஊர்ப் பெயர்களில் ‘மங்கலம்’ எங்கும் இருக்கிறது: திருமங்கலம், சத்தியமங்கலம், கண்டமங்கலம். வள்ளுவரும் ‘மங்கலம் என்ப மனைமாட்சி’ என்று அறுபதாம் குறளைத் தொடங்குகிறார்.

இரண்டு சொல்லும் ஒரு விளக்கடியில் சந்தித்துக்கொள்வதும் உண்டு. பூசை விளக்கை ‘அணை’ என்று சொல்லக் கூடாது என்பது பல வீடுகளில் இன்றும் நடைமுறை. ‘விளக்கைக் குளிர வை’, ‘மலையேற்று’ என்பார்கள். இப்படி அமங்கலத்தை மங்கலமான சொல்லால் சொல்வதை நன்னூல் தகுதி வழக்கில் ‘மங்கலம்’ என்ற வகையாகவே வைத்திருக்கிறது. சுடரின் ஒளி மங்கினால் திரியைத் தூண்டிவிட வேண்டும். மங்கலம் கெடக் கூடாது.

படி 7: ஒளி இல்லாத இடங்களுக்கு ஏற்றிச் சொல்லும்போது

புகழ், வாய்ப்பு, நம்பிக்கை, நினைவு இந்த நான்கோடும் ‘மங்கு’ இயல்பாகச் சேரும். நான்கையும் தமிழ் மனம் ஒளியாகப் பார்க்கிறது. ‘அடுத்தடுத்து 3 விக்கெட் விழுந்ததால் வெற்றி வாய்ப்பு மங்கியது’ என்பது விளையாட்டுப் பக்கத்தின் நிரந்தர வாக்கியம். அலுத்துப்போனது என்றாலும் தவறில்லை.

வியாபாரத்துக்கு ‘மங்கல்’ வராது, ‘மந்தம்’ வரும்: சந்தை மந்தம், விற்பனை மந்தம். வயிறு மந்தம், காது மந்தம் என்பதும் அப்படியே. மந்தம் வேகக் குறைவு. அறிவு, கத்தி, உணர்வு மூன்றும் ‘மழுங்கும்’. அது கூர்மைக் குறைவு. ‘கத்தி மங்கிவிட்டது’ என்றால் பளபளப்பு போயிருக்கிறது, இன்னும் வெட்டலாம். ‘மழுங்கிவிட்டது’ என்றால் சாணை பிடிக்க வேண்டும்.

நினைவுக்கு ‘மங்கலாக நினைவிருக்கிறது’ சரி. ‘லேசா ஞாபகம் இருக்கு’, ‘நிழலாடுது’ என்பவை பேச்சுக்கு நெருக்கம். ஆனால் பாதி மட்டும் நினைவிருந்தால் அது ‘அரைகுறை’. மங்கலாக நினைவிருப்பவருக்கு முழுக் காட்சியும் வெளிறித் தெரிகிறது. அரைகுறையாக நினைவிருப்பவருக்குப் பாதிக் காட்சி பளிச்சென்று தெரிகிறது, மீதி இல்லை. சாட்சி சொல்பவரிடம் கேட்டு எழுதும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

படி 8: மங்கலை வெளியே நிறுத்த வேண்டிய இடங்கள்

தண்ணீர்: இங்கே ‘கலங்கல்’தான். புது வெள்ளம் வந்தால் ஆறு கலங்கலாக ஓடும், குழாய் உடைந்தால் தண்ணீர் கலங்கலாக வரும். குடிநீர்த் தரத்தில் அளக்கும் அளவுக்கும் ‘கலங்கல் தன்மை’ என்றே பெயர். ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலை (2012) அதற்கு 1 அலகை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 5 அலகு வரையும் வைத்திருக்கிறது. கலங்கலுக்கு எதிர் ‘தெளிவு’. தெளிவு என்ற சொல்லே இங்கிருந்து புரியும்: ரசத்தை இறக்கி அசைக்காமல் வைத்தால் மேலே நிற்பது தெளிவு, அடியில் தங்குவது மண்டி. கொங்குப் பக்கம் பதநீருக்கே ‘தெளுவு’ என்று பெயர்.

கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசுவார்கள். மிதக்கும் மண் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கனத்து அடியில் இறங்கும். அந்தச் செயல் ‘தேற்றுதல்’. அழுபவரை ஆறுதல் சொல்லித் ‘தேற்றுவதும்’ அதே சொல். மனம் ‘கலங்கும்’, கண் ‘கலங்கும்’, தேற்றினால் தெளியும். கலித்தொகையிலேயே, காதலன் வந்ததும் தேறிய பெண்ணுக்கு இந்தக் கொட்டையால் தெளிந்த நீர்தான் உவமை. ஆகவே ‘கண் கலங்கியது’ என்பதும் ‘கண் மங்கியது’ என்பதும் வெகுதூரம். முதலாவதில் கண்ணீர், இரண்டாவதில் கண் மருத்துவர்.

காற்று: ‘மூட்டம்’ என்ற சொல் இங்கே அரசன். மேகமூட்டம், பனிமூட்டம், புகைமூட்டம். வானிலைக் கணக்கில் 1 கிலோமீட்டருக்குக் குறைவான தூரமே தெரிந்தால் ‘மூடுபனி’. அதைவிட அதிகம் தெரிந்தால் லேசான பனிமூட்டம். போகி அன்று காலை சென்னையில் எரித்த பழைய பாயும் டயரும் மார்கழிப் பனியும் கலந்து நிற்பது ‘புகைமூட்டம்’. விமானங்கள் தாமதமாவதும் உண்டு. ‘மங்கலான வானிலை’ என்று எழுதினால் இவற்றில் எது என்று தெரியாது. ஓட்டுநருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பேச்சு: தமிழ் இங்கே கொடுத்து வைத்தது. தெரிந்தும் சொல்லாமல் நழுவினால் ‘மழுப்புகிறார்’. தப்பை மூடினால் ‘பூசி மெழுகுகிறார்’. சொல்ல வந்து நிறுத்தினால் ‘மென்று விழுங்குகிறார்’. விஷயத்துக்கே வராவிட்டால் ‘சுற்றி வளைக்கிறார்’. எதற்கும் சம்மதிக்காமலும் மறுக்காமலும் இருந்தால் ‘பிடி கொடுக்காமல் பேசுகிறார்’, ‘பட்டும் படாமலும் சொன்னார்’. உண்மையிலேயே ஒழுங்காகச் சொல்லத் தெரியாவிட்டால் ‘வழவழா கொழகொழா’. இத்தனை இருக்க, ‘தெளிவற்ற பதிலை அளித்தார்’ என்று எழுதுவது அந்த ஆளைத் தப்பவிடுவது. அதே நேரம், ‘மழுப்பினார்’ என்பது ஒரு குற்றச்சாட்டு; செய்தியில் எழுதும் முன் அவர் என்ன சொன்னார் என்பதை அப்படியே மேற்கோள் காட்டிவிட்டால் வாசகரே முடிவு செய்துகொள்வார். வாய் ‘குளறுவது’ உடல் சார்ந்தது. திடீரென்று குளறினால் பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம், அதை ‘தெளிவற்ற பேச்சு’ என்று எழுதிக் கடந்து போகக் கூடாது.

பொருள்: ஒரு வாக்கியம் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுத்தால் அது ‘பொருள் மயக்கம்’. எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கும், பொருள் மட்டும் இரண்டாக நிற்கும். இலக்கண வகுப்பில் வரும் ‘செம்பொன்பதின்றொடி’ இதற்கு நல்ல காட்டு. ‘செம்பொன் பதின் தொடி’ என்று பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். ‘செம்பு ஒன்பதின் தொடி’ என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே இது எவ்வளவு பெரிய வித்தியாசம்! புலவர் வேண்டுமென்றே செய்தால் சிலேடை, பாராட்டு. ஒப்பந்தத்தில் வந்தால் வழக்கு.

படி 9: எதிர்ச்சொல்லை வைத்துச் சோதியுங்கள்

சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘பளிச்சென்று’ பொருந்தினால் மங்கல். ‘தெளிந்த’ பொருந்தினால் கலங்கல். ‘கூர்மையான’ பொருந்தினால் மழுங்கல். ‘விறுவிறுப்பான’ என்றால் மந்தம். வானம் ‘வெளிவாங்கியது’ என்று சொல்ல முடிந்தால் மூட்டம். ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டாக’ பொருந்தினால் மழுப்பல். தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுத்துவிடும்.

படி 10: அகராதியில் எதிர்ப்படும் மற்ற மங்குகள்

தேடும்போது வேறு சில ‘மங்கு’களும் வரும், குழம்ப வேண்டாம். கன்னத்திலும் மூக்கிலும் படரும் கருமையான திட்டுக்கும் ‘மங்கு’ என்று பெயர். சித்த மருத்துவக் குறிப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். பீங்கான் தட்டையும் கோப்பையையும் ‘மங்கு’ என்று சொல்லும் வழக்கு உண்டு. ஏழரைச் சனியின் முதல் சுற்று ‘மங்கு சனி’, இரண்டாவது ‘பொங்கு சனி’. சனி ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 29½ ஆண்டு என்பதால், முதல் மங்கு பெரும்பாலும் பள்ளி, கல்லூரி, முதல் வேலை நாட்களில் முடிந்துவிடும். நம்பாதவர்களும் சொல்லைத் தெரிந்துவைத்திருக்கலாம்.

கடைசியாக ஒரு பயிற்சி

இந்தப் பத்தியைப் பாருங்கள்:

“தெளிவற்ற வானிலையால் காலையில் படகுகள் கடலுக்குச் செல்லவில்லை. கரையோர நீரும் தெளிவற்றதாக இருந்தது. அறிவிப்புப் பலகையின் எழுத்துகள் தெளிவற்றிருந்தன. இழப்பீடு பற்றிக் கேட்டபோது அதிகாரி தெளிவற்ற பதில் அளித்தார். தடை 15ஆம் தேதி வரை என்ற உத்தரவும் தெளிவற்றது.”

மாற்றி எழுதினால்:

“மூடுபனியால் காலையில் படகுகள் கடலுக்குச் செல்லவில்லை. கரையோர நீரும் கலங்கிக் கிடந்தது. அறிவிப்புப் பலகையின் எழுத்துகள் வெயிலில் வெளுத்திருந்தன. இழப்பீடு பற்றிக் கேட்டபோது அதிகாரி, ‘பார்க்கலாம், மேலே பேசிட்டுச் சொல்றோம்’ என்றார். தடை 15ஆம் தேதி வரை என்கிறது உத்தரவு. அந்த 15ஆம் தேதி கடலுக்குப் போகலாமா கூடாதா என்று அதில் இல்லை.”

மாற்றிய பத்தியில் ‘மங்கல்’ ஒரு தடவைகூட வரவில்லை, வரத் தேவையும் இல்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்லை மாற்றிச் சரிசெய்ய முடியாது. அதிகாரிக்குப் போன் போட்டு, 15ஆம் தேதியும் சேர்த்தியா என்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.